புத்தகத்தைப் பார்த்து கேலிகிராஃபி பழகுவது எப்படி?

கேலிகிராஃபி என்னும் எழுத்தணிக் கலையைப் பழகவேண்டும் என்று ஆசையோடு படம் போட்ட பாடப் புத்தகம் வாங்கி, பத்துப் பக்கம் போவதற்குள் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். "எனக்குக் கை வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கையில் எந்தக் குறையும் இருப்பதில்லை. புத்தகத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து அந்த உருவத்தை அப்படியே வரைய முயல்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பாடப் புத்தகத்துப் படம் ஒரு வேலைக் குறிப்பு. எழுத்து எவ்வளவு உயரம், பேனாவை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எந்தக் கோடு முதலில், பக்கத்து எழுத்துக்கு எவ்வளவு இடம் என எல்லாமே அதற்குள் இருக்கிறது. ஸ்கேலும் கோணமானியும் வைத்து அதை அளந்து எடுக்கத் தெரிந்தால், ஆசிரியர் பக்கத்தில் இல்லாமலேயே வெகுதூரம் போகலாம். எப்படி அளப்பது, அளந்ததை எப்படிக் கைக்குக் கொண்டுவருவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

புத்தகத்தைப் பார்த்துப் பழகுவது மட்டமான வழி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். போப்பாண்டவரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த லுடோவிகோ அர்ரிகி, சற்றே சாய்ந்த இட்டாலிக் எழுத்தைக் கற்றுத்தரும் சிறு நூல் ஒன்றை ரோமில் வெளியிட்டார். அதில் இருக்கும் ஆண்டு 1522. பக்கம் பக்கமாக மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டது அது. அச்சு உயிருள்ள கையை முழுமையாகக் காட்டிவிடாது என்று அவரே அந்த நூலில் ஒப்புக்கொள்கிறார். அதைத் தெரிந்துகொண்டே எழுதினார், மக்களும் அதைப் பார்த்துப் பழகினார்கள். 1899இல் லண்டனில் எழுத்துக்கலை வகுப்பு எடுக்கத் தொடங்கிய எட்வர்ட் ஜான்ஸ்டனும் பழைய கையெழுத்துப் பிரதிகளை உற்றுப் பார்த்துத்தான் அகல முனையுள்ள பட்டை நிப்பின் முறையை மீட்டெடுத்தார். இன்று புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படும் ஃபவுண்டேஷனல் என்ற எழுத்துவகை, 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட, பைபிளின் சங்கீதப் பாடல்கள் அடங்கிய ஒரு கையெழுத்துப் பிரதியை ஆதாரமாக வைத்து அவர் உருவாக்கியது. எழுதியவர் இறந்து 900 ஆண்டுகளுக்குப் பிறகு, பக்கத்தை மட்டும் பார்த்து அந்தக் கையின் அசைவைப் படித்திருக்கிறார். உங்களிடம் இருக்கும் புத்தகத்தில் அம்புக்குறியும் எண்ணும் வேறு போட்டிருக்கிறது.

இனி இந்தக் கட்டுரையில் ஓ, என், டீ (o, n, t) என்று வருபவை ஆங்கிலச் சிறிய எழுத்துகள். பாடப் புத்தகங்களில் பெரும்பாலானவை அவற்றைத்தான் கற்றுத்தருகின்றன. தமிழ் எழுத்துக்குக் கடைசியில் வருவோம்.

புத்தகம் எப்படி இருக்க வேண்டும்

அட்டையையும் அலங்காரப் பக்கங்களையும் விடுங்கள். நடுவில் ஏதாவது ஓர் எழுத்துவகையின் பாடத்தைத் திறங்கள். ஒவ்வோர் எழுத்திலும் கோடுகளின் வரிசை எண்ணும் அம்புக்குறியும் இருக்க வேண்டும். பேனாவின் கோணத்தைக் காட்டும் படம் இருக்க வேண்டும். எழுத்தின் உயரத்தை நிப்பின் அகலத்தால் அளந்து காட்டும் சதுர அடுக்கு பக்க ஓரத்தில் இருக்க வேண்டும். அப்புறம், தனி எழுத்துகளோடு நின்றுவிடாமல் அவை சொல்லாகவும் வரியாகவும் எழுதப்பட்ட மாதிரிப் பக்கம் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பல புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. அப்படிப்பட்ட புத்தகத்தில் பழகினால் 26 எழுத்தும் அழகாக வரும், ஒரு சொல் எழுத வராது.

மாதிரி எழுத்துகள் கையால் எழுதியவையா, கணினி எழுத்துருவா என்றும் சோதித்துப் பாருங்கள். ஒரே எழுத்து இரண்டு தடவை வரும் வரியைத் தேடி, இரண்டையும் ஒப்பிடுங்கள். முனை, வளைவு, தடிப்பு எல்லாம் துளி வித்தியாசம் இல்லாமல் ஒன்றாக இருந்தால் அது எழுத்துரு. அதில் பேனா எங்கே தொட்டது, எங்கே எடுத்தது என்ற தடயமே இருக்காது. கையால் எழுதியதில் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும், நல்ல அச்சில் கோடு தொடங்கும் இடத்தில் மை சற்று வெளிறியும் முடியும் இடத்தில் தேங்கியும் தெரியும். நமக்கு வேண்டிய பாடம் அதில்தான் இருக்கிறது.

ஐம்பது வகை எழுத்தை வகைக்கு ஒரு பக்கமாகச் சொல்லும் புத்தகத்தைவிட, நான்கைந்து வகையை விரிவாகச் சொல்லும் புத்தகம் எவ்வளவோ மேல். மேசையில் விரித்தால் தானாக மூடிக்கொள்ளாத கட்டமைப்பு இருந்தால் இன்னும் நல்லது. கை மை பட்டு இருக்கும்போது பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

எதைக் கொண்டு எழுதுவது

எழுத்தணிக் கலையில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. பட்டை நிப்பு: முனை உளி மாதிரி அகலமாக இருக்கும், பேனா போகும் திசையைப் பொறுத்துக் கோடு தடிக்கும், மெலியும். கூர் நிப்பு: முனை கூராக இரண்டாகப் பிளந்திருக்கும், அழுத்தினால் தடிக்கும். இரண்டுக்கும் கை பழகும் விதம் வேறு. ஒரே நேரத்தில் இரண்டையும் தொட வேண்டாம். முதலில் பட்டை நிப்பு, அதில் ஃபவுண்டேஷனல் எழுத்து. நேராக நிற்கும், வட்டமாக இருக்கும், பெரும்பாலான எழுத்துகளுக்குக் கோணம் மாறாது. தவறு செய்தால் உடனே கண்ணில் படும். அதனால்தான் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

நிப்பின் அகலம் 2.5 முதல் 4 மி.மீ.க்குள் இருக்கட்டும். மெல்லிய நிப்பு பிழையை மறைக்கும். பெரிய நிப்பு காட்டிக்கொடுக்கும். பழகும் காலத்தில் காட்டிக்கொடுப்பதுதான் வேண்டும். மையில் தொட்டு எழுதும் பேனாவும் சரி, மை நிரப்பிய குழாயான கார்ட்ரிட்ஜ் போடும் பைலட் பேரலல் போன்ற பேனாவும் சரி, இரண்டுமே ஆகும். இரண்டாவதில் மை தொடர்ந்து வரும் என்பதால் முதல் சில வாரங்களுக்குக் கவனம் முழுக்க எழுத்தின் மேல் இருக்கும்.

தொட்டு எழுதும் நிப்பு புதிதாக இருக்கும்போது அதன்மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். அதனால் மை ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவித் துடைத்தால் சரியாகிவிடும். எழுதி முடித்ததும் கழுவி, ஈரம் போகத் துடைத்து வையுங்கள். இந்தியன் இங்க், அக்ரிலிக் மை போன்ற தண்ணீரில் கரையாத மைகளை கார்ட்ரிட்ஜ் பேனாவிலோ ஃபவுண்டன் பேனாவிலோ ஒருபோதும் ஊற்றக் கூடாது. உள்ளே காய்ந்துவிட்டால் பேனாவே போய்விடும்.

தாளுக்கு ஒரே ஒரு சோதனைதான். ஒரு மூலையில் நான்கு கோடு இழுத்துப் பாருங்கள். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அந்தத் தாள் போதும். மை வேர்விட்டுப் பரவினால் வேறு தாள் தேடுங்கள்.

பேனா இன்னும் கையில் இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். இரண்டு பென்சிலைக் கூர் சீவி, முனைகள் சமமாக நிற்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். இரண்டு முனையும் பட்டை நிப்பின் இரண்டு மூலைகள். இதில் எழுதினால் எழுத்தின் இரண்டு ஓரமும் தனித்தனிக் கோடாகத் தெரியும், பேனா எங்கே திரும்பியது என்பது கண்ணாடிபோல் தெரிந்துவிடும். முனைகளுக்கு நடுவே ஏறக்குறைய 7 மி.மீ. இருக்கும், ஆகவே எழுத்தும் கிட்டத்தட்ட 3 செ.மீ. உயரத்துக்குப் பெரிதாகவே வரும். பேனா வந்த பிறகும் புதிய எழுத்து ஒன்றைப் புரிந்துகொள்ள இந்த இரட்டைப் பென்சிலைத்தான் முதலில் எடுப்பது நல்லது.

படத்தை அளப்பது

எழுத உட்காரும் முன் ஒரு நாள் முழுக்க இதற்கே ஒதுக்குங்கள். பேனா வேண்டாம். புத்தகம், ஸ்கேல், கோணமானி, டிரேசிங் பேப்பர், கூரான பென்சில் போதும்.

முதலில் உயரம். பட்டை நிப்பில் எழுத்தின் உயரத்தை மி.மீ.யில் சொல்லுவதில்லை, நிப்பின் அகலம் எத்தனை என்று சொல்வார்கள். ஃபவுண்டேஷனலில் ஓ, என் போன்ற எழுத்துகளின் உடல் உயரம் 4 நிப்பு அகலம். இட்டாலிக்கில் 5. மேலே நீளும் எல், ஹெச் போன்றவற்றின் தண்டும், கீழே இறங்கும் வாலும் இதற்கு மேல் எவ்வளவு போகவேண்டும் என்பதையும் புத்தகத்தின் ஓரச் சதுரங்கள் காட்டும். 3 மி.மீ. நிப்பு என்றால் ஃபவுண்டேஷனல் ஓ 12 மி.மீ. உயரம், 2.4 மி.மீ. என்றால் 9.6 மி.மீ.

இங்கே புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. புத்தகத்தில் எழுத்துகள் பெரும்பாலும் சிறிதாக்கியோ பெரிதாக்கியோ அச்சிடப்பட்டிருக்கும். படத்தில் உடல் உயரம் 6 மி.மீ. இருக்கிறது என்று நீங்களும் 6 மி.மீ.க்குக் கோடு போட்டுக்கொண்டு 3 மி.மீ. நிப்பால் எழுதினால், எழுத்து அடைத்துக்கொண்டு கருப்புப் பொட்டலமாக வரும். படத்தில் ஓ எழுத்தின் மிகத் தடித்த இடத்தை அளந்து பாருங்கள். அது 1.5 மி.மீ. என்றால், எழுதிய நிப்பு அந்த அளவில் 1.5 மி.மீ. 6-ஐ 1.5-ஆல் வகுத்தால் 4. ஆக விகிதம் 4. உங்கள் நிப்பு 3 மி.மீ. என்றால் உயரம் 12. எந்தப் புத்தகத்தின் எந்தப் படத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

அடுத்தது கோணம். நிப்பின் விளிம்பு வரியின் அடிக்கோட்டோடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதுதான் பேனாக் கோணம். பேனாவின் தண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபவுண்டேஷனலுக்கு 30 டிகிரி, இட்டாலிக்குக் கிட்டத்தட்ட 45. புத்தகம் இதைச் சொல்லிவிடும். ஆனால் சொன்னதைப் படத்திலேயே சரிபார்க்கும்போதுதான் விஷயம் மனதில் ஏறும்.

ஓ எழுத்தை எடுங்கள். அதைக் கடிகார முகப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் எழுதிய வட்ட ஓவில் மிக மெலிந்த இடங்கள் 11 மணியிலும் 5 மணியிலும் இருக்கும். 45 டிகிரியில் எழுதினால் அவை 10.30-க்கும் 4.30-க்கும் நகரும். பேனா நிப்பின் விளிம்பு போகும் திசையிலேயே நகரும்போது கோடு மயிரிழையாகிவிடும் என்பதே காரணம். படத்தின் ஓ எழுத்தில் அந்த இரண்டு மெலிந்த புள்ளிகளையும் பென்சிலால் குறித்து, டிரேசிங் பேப்பரில் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தக் கோடு செங்குத்திலிருந்து இடப்பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறதோ அதுதான் பேனாக் கோணம். கோணமானி வைத்துப் பார்த்தால் 30க்குப் பக்கத்தில் வரும்.

இன்னொரு சோதனை டீ எழுத்தில் இருக்கிறது. 3 மி.மீ. நிப்பை 30 டிகிரியில் பிடித்து நேர் கீழே இழுத்தால் கோடு 2.6 மி.மீ. தடிப்பாக வரும், படுக்கையாக இழுத்தால் 1.5 மி.மீ.தான். அதாவது படுக்கைக் கோடு நிப்பில் சரிபாதி. 45 டிகிரியில் பிடித்தால் இரண்டுமே 2.1 மி.மீ., வித்தியாசம் இருக்காது. ஆகவே உங்கள் டீயின் குறுக்குக் கோடு நிமிர்ந்த கோட்டுக்குச் சமமான தடிப்பில் இருந்தால், கை தன்னையறியாமல் 45-க்குத் திரும்பிவிட்டது என்று பொருள். இந்த ஒரு சோதனையை மட்டும் ஒவ்வொரு பயிற்சித் தாளிலும் செய்துவந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கடைசியாக, எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை. டிரேசிங் பேப்பரைப் படத்தின்மேல் வைத்து, கருப்பு எழுத்தை விட்டுவிட்டு அதற்கு உள்ளே இருக்கும் வெள்ளை இடத்தை மட்டும் வரைந்து எடுங்கள். ஓவின் உள்ளே நீள்வட்டம் கிடைக்கும், அதுவும் சற்றே சாய்ந்திருக்கும். என் எழுத்தின் உள்ளே வளைந்த மேற்கூரையுள்ள கதவு மாதிரி ஓர் உருவம் கிடைக்கும். ஓவின் வெளி வளைவை வரைந்து எடுத்து என்னின் வளைவுமேல் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒட்டிப்போகும். எழுத்துகள் ஒரு குடும்பமாகத் தெரிவதன் ரகசியம் இதுதான். இதைக் கண்ணால் கண்ட பிறகு என் எழுதும்போது கை தானாக ஓவை நினைத்துக்கொள்ளும்.

கோடு போடுவது

கோடு போடாத தாளில் பழக வேண்டாம். அவசரப்பட்டு இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

தாளின் இடது ஓரத்தில் நிப்பின் விளிம்பு நிமிர்ந்து நிற்கும்படி பேனாவைத் திருப்பி, வலப்பக்கம் சின்னதாக ஓர் இழுப்பு. ஒரு சதுரம் கிடைக்கும். அதன் மேல் மூலையைத் தொட்டு அடுத்த சதுரம், இடமும் வலமுமாக மாறிமாறி, ஏணிபோல் நான்கு. சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, நடுவில் இடைவெளியும் விழக் கூடாது. அடியில் ஒரு கோடு, உச்சியில் ஒரு கோடு. மேல்தண்டுக்கும் கீழ்வாலுக்கும் புத்தகம் சொல்லும் சதுரக் கணக்கில் இன்னும் இரண்டு கோடு. ஒரு தாளில் சரியாகப் போட்டுவிட்டால், அதையே மெல்லிய எழுதும் தாளுக்கு அடியில் வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். நிப்பு மாறினால் மட்டும் புதுக் கோட்டுத் தாள் வேண்டும்.

இதோடு 30 டிகிரியில் சில சாய்ந்த கோடுகளையும் மெல்லிதாகப் போட்டு வையுங்கள். எழுதத் தொடங்கும் முன் நிப்பின் விளிம்பை அந்தக் கோட்டின்மேல் ஒருமுறை பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

உட்காரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுதும் பலகை சாய்வாக இருந்தால் நல்லது. ஒரு பலகையின் கீழ்விளிம்பை மடியிலும் மேல்விளிம்பை மேசை ஓரத்திலும் சாய்த்தாலே போதும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும், தோலின் எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் மை ஒட்டாது. வலது கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். வரி கீழே போகப்போக கை இறங்கக் கூடாது, தாள்தான் மேலே ஏற வேண்டும்.

எழுதத் தொடங்குவது

பட்டை நிப்புக்கு ஒரே ஒரு சட்டம்: இழுக்கலாம், தள்ளக் கூடாது. மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் பேனா இழுபடும்போது மை சீராக வரும். எதிர்த்துத் தள்ளினால் நிப்பு தாளைக் குத்தும், மை தெறிக்கும். நாம் தினமும் பால்பாயிண்ட் பேனாவில் ஒரே சுற்றில் போடும் ஓ, இங்கே இரண்டு இழுப்பாகப் பிரிவது இதனால்தான். படத்தில் 1 என்ற அம்பு 11 மணியில் தொடங்கி இடப்பக்கமாக இறங்கி 5 மணியில் முடியும். பேனாவை எடுத்து, மறுபடி 11 மணிக்குப் போய், 2 என்ற அம்பின்படி வலப்பக்கமாக இறங்கி அதே 5 மணியில் சேரும். மெலிந்த இடத்தில் தொடங்கி மெலிந்த இடத்தில் சேர்வதால் ஒட்டுப்போட்டதே தெரியாது.

ஒவ்வோர் எழுத்தையும் இந்த வரிசையில் பழகிப் பாருங்கள். முதலில் விரலால் படத்தின்மேல் அம்பு போகும் வழியிலேயே போய் வாருங்கள், எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. பிறகு டிரேசிங் பேப்பர் வைத்து இரண்டு மூன்று தடவை எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அச்சு எடுப்பதிலேயே தங்கிவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். அப்புறம் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். கடைசியாகப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். மூடி எழுதியதைத் திறந்து ஒப்பிடும் அந்த நிமிடத்தில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது.

அகரவரிசையில் போக வேண்டாம். ஐ, எல் என்ற நேர்கோட்டு எழுத்துகள் முதலில். அவற்றின் தலையில் இருக்கும் சிறு வளைவையும் அடியில் இருக்கும் திருப்பத்தையும் கவனியுங்கள். அடுத்து ஓ, அதன் உறவுகளான சி, ஈ, கியூ. அதற்கடுத்து வளைவுக் குடும்பம்: என், எம், ஹெச், ஆர். இதில் வளைவு தண்டின் உச்சியில் தொப்பிபோல் ஒட்டாது, தண்டுக்குள்ளிருந்தே கிளம்பும். அம்பு எங்கே தொடங்குகிறது என்று உற்றுப் பாருங்கள், தண்டின் கருப்புக்குள் இருக்கும். வி, டபிள்யூ, எக்ஸ் போன்ற சாய்கோட்டு எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அவற்றில் பேனாக் கோணத்தையே 45 டிகிரிக்குப் பக்கமாக மாற்றிப் பிடிக்க வேண்டிவரும். 30 கையில் ஊறும் முன் மாற்றப் பழகினால் இரண்டும் கெடும். எஸ் எழுத்து எல்லாருக்கும் தாமதமாகத்தான் வரும், அதற்காக மனம் தளர வேண்டாம்.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். முதல் ஐந்து நிமிடம் வெறும் கோடுகள், பாதி வட்டங்கள். பிறகு ஒரு குடும்பத்திலிருந்து ஓரிரு எழுத்து. முடிவில் அந்த எழுத்துகள் வரும் ஒரு சொல். பக்கம் முழுக்க ஒரே எழுத்தை நிரப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்தாவது எழுத்துக்கு மேல் கை தன் பிழையையே மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடும். ஐந்து எழுதுங்கள், நிறுத்துங்கள், புத்தகத்தோடு ஒப்பிட்டு எது மிக அருகில் வந்தது என்று வட்டம் போடுங்கள், அடுத்த ஐந்துக்குப் போங்கள்.

படம் காட்டாத ஒன்று வேகம். ஒரு கோட்டுக்கு எவ்வளவு நேரம் என்று அம்புக்குறியில் இருக்காது. மிக மெதுவாக எழுதினால் கோடு நடுங்கும், மிக வேகமாக எழுதினால் முனைகள் கிழிந்ததுபோல் வரும். நிதானமாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஓர் இழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் பிடிபடவே இல்லை என்றால் யாராவது எழுதும் வீடியோவை ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை, பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

சொல்லாக எழுதுவது

எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்து ஒரே தூரம் விட்டால் சொல் நொண்டும். நடுவில் இருக்கும் வெள்ளைப் பரப்புதான் சமமாகத் தெரியவேண்டும். இரண்டு நேர்த்தண்டுகள் பக்கத்தில் வந்தால் அதிக இடைவெளி; ஒரு தண்டும் ஒரு வளைவும் என்றால் கொஞ்சம் குறைவு; இரண்டு வளைவுகள் சந்தித்தால் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம். இதைப் பழக மினிமம் என்ற ஆங்கிலச் சொல் மிகப் பொருத்தமானது. முழுக்க முழுக்கத் தண்டுகள்தான். சரியாக எழுதினால் ஒரே இடைவெளியில் நட்ட வேலிபோல் இருக்கும். அது வந்த பிறகு ஓவும் ஈயும் கலந்த சொற்களுக்குப் போங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் ஓ எழுத்தின் அகலம் விட்டால் போதும்.

எழுதியதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நேராக இருக்கும்போது நாம் சொல்லைப் படித்துவிடுகிறோம், எழுத்தைப் பார்ப்பதில்லை. தலைகீழாக்கினால் படிக்க முடியாது. எங்கே கூட்டம், எங்கே ஓட்டை என்பது மட்டும் தெரியும். புத்தகத்தின் மாதிரிப் பக்கத்தையும் தலைகீழாக்கிப் பக்கத்தில் வையுங்கள்.

கோடே சொல்லும் பிழைகள்

கோட்டின் ஒரு பக்க ஓரம் வழவழப்பாகவும் மறுபக்கம் பிசிறாகவும் இருந்தால், நிப்பின் ஒரு மூலை தாளைத் தொடவில்லை. விரலைத் தளர்த்தி, பேனாவை லேசாக உருட்டி இரண்டு மூலையும் படியவிடுங்கள். ஓவின் மெலிந்த இடம் தடித்துவிட்டால் சுற்றும்போது மணிக்கட்டு திரும்பியிருக்கிறது. எழுத்துகள் எல்லாம் கனமாக, கறுத்துத் தெரிந்தால் கோட்டு உயரத்தைத் தவறாக அளந்திருப்பீர்கள். முதல் இழுப்பில் மை சொட்டினால் நிப்பில் மை அதிகம், ஓரத்தாளில் ஒரு கோடு இழுத்துவிட்டு எழுதுங்கள்.

இடது கைக்காரர்களுக்குப் புத்தகங்கள் பெரும்பாலும் உதவுவதில்லை, கைப்படங்கள் எல்லாம் வலது கைதான். பேனாவைப் பிடிக்கும் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பேனாக் கோணத்தைக் கண்ணாடிப்படி மாற்றிவிடாதீர்கள். தாளின்மேல் அதே 30 டிகிரிதான் விழவேண்டும். அதற்குத் தாளை நன்றாகச் சாய்த்து வைத்துக்கொண்டு, வரிக்குக் கீழே கையை வைத்து எழுதலாம். இடது கைக்கென்று சாய்வாக வெட்டிய நிப்புகளும் கிடைக்கின்றன.

பின்னாளில் கூர் நிப்பில் காப்பர்பிளேட் எழுத்துக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 18ஆம் நூற்றாண்டு மாதிரிப் பக்கங்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை, அந்த எழுத்துக்குப் பெயரே அதனால் வந்தது. செதுக்குபவர் உளியால் பேனாவுக்கு எட்டாத மெல்லிய கோட்டையும் போட்டுவிட முடியும், தவறைச் சரிசெய்துகொள்ளவும் முடியும். அந்தத் துல்லியம் கையில் வரவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. உருவத்தையும், அடிக்கோட்டிலிருந்து அளக்கும் 55 டிகிரிச் சாய்வையும் அங்கே எடுத்துக்கொண்டு, கோட்டின் தன்மைக்கு மையால் எழுதிய பக்கங்களைப் பாருங்கள்.

தமிழ் எழுத்துக்கு வருவது

ஃபவுண்டேஷனல் கைக்கு வந்த பிறகு தமிழில் எழுதாமல் இருக்க மனம் வராது, வரவும் கூடாது. உங்கள் புத்தகத்தில் தமிழுக்கு அம்புக்குறி இருக்காது என்பதால், இதுவரை படித்த முறையில் நீங்களே அந்தப் பக்கத்தைத் தயாரிக்க வேண்டும். இரட்டைப் பென்சிலில் தொடங்குங்கள். ட, ப, ம, ய என்ற நேர்கோட்டு எழுத்துகள் முதலில். ப எழுதும்போது கை பழக்கத்தில் இடப்பக்கம் இறங்கி, அடியில் போய், வலப்பக்கம் மேலே ஏறும். பட்டை நிப்பில் அந்த ஏறும் கோடு தள்ளலாகிவிடும். வலத் தண்டை மேலிருந்து தனியாக இழுத்து அடிக்கோட்டில் சேருங்கள். இப்படி ஒவ்வோர் எழுத்திலும் எங்கே தள்ளல் வருகிறது என்று கண்டுபிடித்து, அங்கே பேனாவை எடுத்து மறுபடி தொடங்கும்படி பிரித்து எண் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து க, ச, த. ஒன்றாக எழுதிப் பார்த்தால் மூன்றும் தொடங்கும் விதம் ஒன்றே என்று தெரியும். சுழியில் தொடங்கும் ன, ண, ள கடைசியில். சுழிக்குள் இருக்கும் வெள்ளை மிகச் சிறியது, 4 நிப்பு அகல உயரத்தில் அது அடைபட்டுப்போகும். தமிழுக்கு 5 அல்லது 6 நிப்பு அகலம் வைத்துக்கொண்டால் சுழி மூச்சுவிடும். ண போன்ற அகலமான எழுத்து ட பக்கத்தில் வரும்போது அகலத்தைச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள், நடுவில் இருக்கும் வெள்ளைப் பரப்பைச் சமப்படுத்துங்கள். இகரக் கொக்கி மேலேயும் உகரச் சுழி கீழேயும் போவதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். புள்ளியை வட்டமாக வரைய வேண்டாம். 30 டிகிரியில் நிப்பை வைத்து ஒரு சிறு இழுப்பு இழுத்தால் சாய்சதுரமாக ஒரு பொட்டு விழும், மற்றக் கோடுகளோடு அதுவே பொருந்தும்.

பிரித்து எண் போட்ட எழுத்துகளைப் பெரிதாக ஒரு நல்ல தாளில் எழுதி, பக்கத்தில் அம்பும், கோணமும், சதுர அடுக்கும் வரைந்து, புத்தகத்துக்குள்ளேயே செருகி வையுங்கள். அடுத்த மாதம் அதே எழுத்தை வேறு மாதிரிப் பிரித்தால் நன்றாக வருகிறது என்று தோன்றினால், பழையதை அழிக்காமல் அதன் கீழே புதியதை எழுதிச் சேருங்கள்.